கட்டம் கட்டமாய்த் தைத்த முகம்

இந்த நாட்டில் ஆண்கள் ரயிலில் உட்கார்ந்து பூத்தையல் போடுகிறார்கள். டென்மார்க்குக்கு வந்த புதிதில் ஒருநாள் எனக்கு எதிர் இருக்கையில் ஒருவன் வந்து அமர்ந்தான். தாடிக்காரன், கழுத்துவரை பச்சை குத்தியிருந்தான். பையிலிருந்து வளையத்தில் இறுக்கிய ஒரு துணியை எடுத்து, ஊசியில் நூல் கோத்து, சாவகாசமாகத் தைக்க ஆரம்பித்தான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரோஜாவோ கிளியோ இருக்கும் என்று எட்டிப் பார்த்தால், சார்ஜ் தீரப்போகும் செல்போனின் சிவப்பு பேட்டரிப் படம்! அதைத்தான் அத்தனை கவனமாகப் போட்டுக்கொண்டிருந்தான். நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தபடி, "கோர்ஸ்டிங்" என்றான். அடுத்த ஸ்டேஷனின் பெயரைச் சொல்கிறான் என்று நினைத்து எழுந்துபோய்க் கதவருகே நின்றுகொண்டேன். கிராஸ் ஸ்டிச்சுக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர் என்று பிற்பாடு தெரிந்தது.

காரைக்குடியில் நான் படித்த கன்னியர் பள்ளியில் கிராஸ் ஸ்டிச் கட்டாயப் பாடம். சிறு சிறு கட்டங்களாக நெய்த மேட்டி துணியில் ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி. மேலே விழும் நூல் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று மாறிச் சாய்ந்தாலும் சிஸ்டர் பிரிக்கச் சொல்லிவிடுவார். எல்லாப் பெண்களும் அதே ரோஜா, அதே அன்னம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா நான் தைத்த தலையணை உறையை எடுத்துக் காட்டினாள். பொறுமையான பெண் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி. அதற்குமேல் அந்தத் தையலுக்கு ஒரு வேலை உண்டென்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. இங்கே வந்துதான் அதைச் சுவரில் மாட்டிக் கலை என்கிறார்கள் என்று கண்டேன். ஒருத்தி தனக்குப் போனில் வந்த வசவுகளை, பூ வேலைக்கு நடுவே எழுத்து எழுத்தாகத் தைத்திருந்தாள். இன்னொருத்தி தன் மார்பில் வந்த கட்டியின் ஸ்கேன் படத்தைச் சாம்பல் நிற நூல்களால் தைத்திருந்தாள். எனக்கு அவை அழகாகப் படவில்லை. ஆனால் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபிறகும் மனத்தைவிட்டுப் போகவில்லை.

என் அப்பா அரசு மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, காரைக்குடி செக்காலையில் உள்ள வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. அப்போது நான் நிறைமாதம். எந்த விமானத்திலும் என்னை ஏற்றமாட்டார்கள். என் கணவர் ஜோசப், தான் மட்டுமாவது போய்வருவதாகச் சொன்னார். என்னை அந்த நிலையில் தனியே விட அவருக்கும் மனமில்லை, இருக்க எனக்கும் துணிவில்லை. என் தம்பி அமலன்தான் முடிவாகச் சொன்னான்.

"நீ அங்குட்டே இரு, அக்கா. இங்க நான் பாத்துக்கிறேன். போன்ல எல்லாத்தையும் காட்டுறேன்."

அமலன் நேமத்தான்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். விசில் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்கும் குரல் அவனுக்கு. நெற்றி, மூக்கு, காது எல்லாம் அப்பாவை உரித்து வைத்தவன் என்று ஊரில் சொல்வார்கள். சின்ன வயதில் முழங்காலில் சதை பிய்ந்து தொங்கியபோதுகூட அவன் அழுததில்லை. நான்தான் அவனுக்கும் சேர்த்து அழுதேன்.

அடக்கம் மறுநாள் மாலை. எனக்கு அது நடுப்பகல். வெளியே நசநசவென்று மழை. சமையலறை மேசையில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அமலன் சொன்னபடியே எல்லாவற்றையும் காட்டினான். வீடு நிறைய ஆட்கள், பெட்டியின் தலைமாட்டில் அம்மா, கோயில், பாட்டுக்குழு. ஊர் ஓரத்துக் கல்லறைக்குப் போனதும் படம் தேய ஆரம்பித்தது. சாமியார் சொன்ன ஜெபம் பாதி பாதியாக வந்தது. திரையில் இருந்தவர்கள் கட்டம் கட்டமாக உடைந்தார்கள். கட்டங்கள் பெரிதாகிக்கொண்டே போய் ஒரு கணத்தில் அசையாமல் நின்றுவிட்டன. "அமலா, தெரியலடா, தெரியல" என்று நான் கத்தினேன். போனை நெரித்துவிடுவதுபோலப் பிடித்திருந்தேன். பிறகு அழைப்பு அறுந்துபோனது. மறுபடி மறுபடி முயன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த நாள் கூப்பிட்டு, "ஏன்டா கட் பண்ணுன?" என்று கேட்டேன்.

"சிக்னல் இல்லக்கா" என்றான்.

அதன்பிறகு அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. கூப்பிட்டால், "இந்தா, அம்மாட்ட குடுக்கிறேன்" என்று கைமாற்றிவிடுவான். எல்லாப் பாரமும் தன் தலையில் விழுந்துவிட்டதே என்ற கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே மாதத்தில் ரீனா பிறந்தாள். அவளை எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது, அவற்றுக்கு முன்னால், அடக்கத்தன்று உறைந்து நின்ற அந்தத் திரையின் படம் இருந்தது. போனை நான் நெரித்துப் பிடித்ததில் பக்கவாட்டுப் பொத்தான்கள் அமுங்கி, திரை தானாகவே படமாகப் பதிந்திருக்கிறது. நிறைய நீலம், கொஞ்சம் வெள்ளை, நடுவில் பழுப்புக் கட்டங்கள். பழுப்புதான் அப்பாவின் முகம் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வெள்ளை, அவருக்குப் போட்ட சட்டை. நீலம், நிழலுக்குக் கட்டிய பந்தல் துணி. பெட்டியை மூடுவதற்குமுன் அப்பாவை நான் கடைசியாகப் பார்த்தது இதுதான். அழிக்கவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

குழந்தையை எடைபோட வீட்டுக்கு வரும் நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தனியாக வீட்டுக்குள்ளேயே இருக்காதே, நூலகத்தில் பெண்கள் கூடித் தைக்கிறார்கள், அங்கே போ என்றார். ஊரில் துக்க வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். இங்கே துக்கப்பட்டவர்தான் ஆட்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. தள்ளுவண்டியில் ரீனாவைப் போட்டுக்கொண்டு போனேன். கிர்ஸ்டன் என்ற வயதான பெண்மணி அந்தக் குழுவை நடத்திவந்தார். ஒரு காலத்தில் ஓவிய ஆசிரியை. நீ எதைத் தைக்கப்போகிறாய் என்று கேட்டார். ரோஜா என்று வாய்வரை வந்தது. அதற்குப் பதிலாக, ஏன் என்று தெரியவில்லை, போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அலமாரியிலிருந்து ஒரு பெரிய மேட்டி துணியை எடுத்து என் முன்னால் விரித்தார்.

இரண்டு குளிர்காலம் அதைத் தைத்தேன். ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலை முடிந்து வந்து, ரீனா விளையாடும் நேரத்தில் ஜன்னலோரம் உட்காருவேன். திரையில் இருந்த ஒவ்வொரு சதுரத்துக்கும் துணியில் ஒரு சிறு பாத்தி. அதற்குள் வரிசையாகப் பெருக்கல் குறிகள். பழுப்பு நிறத்தில் மட்டும் எத்தனை சாயல்! நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, மூக்கின் நிழலுக்கு ஒன்று. அந்தப் பாத்திகளுக்கு வரும்போது கையைக் கழுவிவிட்டு வந்து தைப்பேன். அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டவும் தொடவும் கிடைக்காதவள் நான். ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் தொடுவதாக எண்ணிக்கொள்வேன். அந்த எண்ணம்தான் என்னைத் தூக்கி நிறுத்தியது.

தைத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை கிர்ஸ்டன், இது எங்கே எடுத்த படம் என்று அவர் மொழியில் கேட்டார். எனக்கு அந்த மொழி அப்போது அரைகுறை. ரொம்பத் தூரத்தில் என்று சொல்ல நினைத்து, வாயில் வந்த ஆங்கிலத்தில் "ஃபார்" என்றேன். அவர் முகம் மாறியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதபோது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப்போனேன். அவர்கள் மொழியில் ஃபார் என்றால் அப்பா. நாங்கள் இருவரும் வேறு வேறு சொல்லைச் சொல்லியும் கேட்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

துணி, கதவில் பாதி அளவுக்கு வந்திருந்தது. கிர்ஸ்டன் அதைச் சட்டத்தில் இறுக்கி, எங்கள் நகரத்துக் கண்காட்சியில் வைத்தார். அப்பா என்றே அதற்குப் பெயர் வைத்தோம். பார்த்தவர்களில் ஒரு கிழவர், கோடைகாலக் கடற்கரையைப் போல இருக்கிறது, அருமை என்று என் கையைக் குலுக்கினார். நன்றி என்றேன். வேறு என்ன சொல்வது? உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வந்து, இதை நிரந்தரமாக எங்களிடம் தருவீர்களா என்று கேட்டார். ஜோசப் பெருமை தாங்காமல் பத்திரிகைப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

சற்று நேரத்தில் அமலன் கூப்பிட்டான். அவனாகக் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"அக்கா, அத எறக்கிரு."

"எதடா?"

"அந்தப் படத்த. நாலு பேரு பாக்குற எடத்துல வைக்கிறதா அது? ஒனக்கே தெரிய வேணாமா?"

"அப்பாவுக்காகத்தானடா. நான் மரியாதையாத்தான்..."

"எறக்கிருன்னா எறக்கிரு." வைத்துவிட்டான்.

இறந்தவரின் முகத்தை ஊராருக்கு விரித்துக் காட்டியது அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். கிர்ஸ்டனிடம் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை. நீ தைத்தாய், அது உன்னுடையது, உன் தம்பி ஏன் தீர்மானிக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது இந்த நாட்டில் சரி. ஆனால் அப்பா என்னுடையவர் மட்டும் இல்லையே. அம்மாவுக்கும் அவனுக்கும் உரிய முகத்தை அவர்களைக் கேட்காமல் நான் எப்படி எழுதிக்கொடுப்பது? அருங்காட்சியகத்துக்குப் பதில் சொல்லாமல், துணியைச் சட்டத்திலிருந்து கழற்றி, உருளையாகச் சுற்றி எடுத்துக்கொண்டு, கோடை விடுமுறையில் ரீனாவோடு ஊருக்குப் போனேன். ஜோசப்பை வேலை விடவில்லை.

ஊரில் ஆடிக் காற்று. வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு மார்கரெட் டீச்சர், "எப்ப வந்தீக? மாப்பிள்ளை வரலையா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, ரீனா பதில் பேசுவதைக் கேட்டுச் சிரித்தார். அவள் பேசிய தமிழில் பாதி அவருக்கு விளங்கவில்லை. அமலன் வந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்தான். ரீனாவைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டான். என்னைப் பார்த்து, "வாக்கா" என்றான். அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் கொல்லையில் துணி காயப்போடும் கொடியில் அதை விரித்து, காற்றில் பறக்காமல் கிளிப் போட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வெகு அருகில் போய் நின்று விரலால் தடவினாள்.

"இம்புட்டையும் நீயா போட்ட? கண்ணு என்னத்துக்குடி ஆகும்?" பிறகு, "இதுல அவுக எங்க இருக்காக?" என்றாள்.

நான் பழுப்புப் பாத்திகளைக் காட்டினேன். இது நெற்றி, இது கன்னம். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் விரல் கீழே இறங்கி நீலத்தில் நின்றது.

"இது என்ன, ஊதாவா இருக்கு? அவுகளுக்கு வெள்ளச் சட்டதான போட்டிருந்துச்சு."

"அது பந்தல் துணிம்மா."

"கல்லறையில ஏதுடி பந்தல்? வேப்ப மரத்து நெழல்லதான் நின்டோம்."

எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அப்போதுதான், கொல்லை வாசல் நிலையில் சாய்ந்தபடி அமலன் நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்தான், விசில் கழுத்திலேயே கிடந்தது.

"அது அப்பா இல்லக்கா" என்றான். "நான்."

காற்றில் துணி உப்பி அடங்கியது.

"பொட்டிய மூடப்போறோம்னு சொன்னாக. ஒனக்கு நெறமாசம். அத எப்படிக்கா ஒனக்குக் காட்டுறது? அதான் கேமராவ என் பக்கம் திருப்பிட்டேன். எதையாச்சும் பேசிக்கிட்டு இருந்தா அதுக்குள்ள மூடிருவாகன்னு நெனச்சேன். பேச்சு வரல. அழுதுட்டேன். கைக்குட்டையால மூஞ்சியத் தொடச்சேன், அந்த வெள்ளை அதுதான். நீ பாத்துட்டன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். மறுநா போன் பண்ணி, ஏன்டா கட் பண்ணுனன்னு கேட்ட. ஒருத்தன் அப்படி அழுதத பாத்துட்டு இம்புட்டுத்தான் கேக்கத் தோணுச்சான்னு... அப்பறம் பேப்பர்ல போட்ட படத்த சின்னதா போன்ல பாக்கையில என் மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுச்சு. நான் அழுதத நீ சொல்லிக்காட்டுறன்னு நெனச்சேன்."

நான் அவன் நின்ற இடத்துக்குப் போனேன். அவன் பக்கத்தில் நிலைப்படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து பார்க்க, பாத்திகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. வாய் கோணி, கண் இடுங்கி, நீலச் சட்டையில் என் தம்பி அழுதுகொண்டிருந்தான். இத்தனை காலம் மடியில் வைத்துக் குனிந்தே தைத்து, சுவரில் மாட்டியபோதும் அப்பாவையே தேடியவளுக்கு அது தெரியாமல் போய்விட்டது.

அந்த நேரத்தில் எனக்கு வந்தது ஆறுதல் இல்லை. அப்பாவின் கடைசி முகம் என்று நான் வைத்திருந்தது போய்விட்டது. அப்படி ஒன்று என்னிடம் எப்போதுமே இருந்ததில்லை. அவர் எனக்கு இரண்டாம் முறை இறந்ததுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அமலன் என் தோளைத் தொடவந்த கையை நடுவிலேயே நிறுத்திக்கொண்டான்.

அம்மா துணியை விட்டுவிட்டு அவனிடம் வந்தாள்.

"எங்கிட்ட ஒரு சொட்டுகூடக் காட்டலியேடா நீ."

"நீ அப்படிக் கெடக்கையில நான் எப்படிம்மா..."

அம்மா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். முந்தானை ஏற்கெனவே நனைந்திருந்தது. "மாமா ஏன் அழுவுது?" என்று ரீனா அவள் மொழியில் என்னைக் கேட்டாள். எந்த மொழியில் பதில் சொல்வது என்று தெரியாமல் அவளைத் தூக்கிக்கொண்டேன்.

மறுநாள் அவன் என்னைக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அப்பாவின் பெயரைப் பொறித்த கல்லைத் தொட்டேன். வெயிலில் சுட்டது. வேப்ப மரத்தடியில் தான் நின்ற இடத்தைக் காட்டினான். அங்கே ஓர் ஆடு படுத்திருந்தது. "அப்பா மொகம் எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தூங்குற மாதிரின்னு எல்லாரும் சொன்னாக. எனக்கு அப்படித் தெரியலக்கா. நம்ம ஏதாச்சும் பொய் சொல்லையில பேசாம கேட்டுக்கிட்டு இருப்பாக பாரு, அப்படி இருந்தாக."

அப்பாவை அதன்பின் என்னால் பார்க்க முடிந்தது. எந்தப் படத்திலும் இல்லாத முகம் அது.

துணியைச் சுற்றிக் கட்டும்போது, "இத ஒங்கிட்டயே வச்சுக்கிறியாடா?" என்று கேட்டேன்.

"ஐயய்யோ, வேணாம்க்கா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பாத்தா அப்பறம் ஒருத்தன் எனக்குப் பயப்பட மாட்டான்." சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அவுக கேட்டாகள்ல, குடுத்துரு. அங்க யாருக்கு என்னையத் தெரியும்? அங்குட்டே இருந்து அழுதுக்கிட்டு இருக்கட்டும்."

திரும்பி வந்து அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தேன். பெயரை மட்டும் மாற்ற வேண்டும், அப்பா இல்லை, தம்பி என்றேன். அங்கிருந்த பெண் குரலைத் தணித்துக்கொண்டு, உங்கள் தம்பி எப்போது இறந்தார் என்று கேட்டார். சாகவில்லை, நன்றாக இருக்கிறான், தினமும் காலையில் பிள்ளைகளை ஓடவிட்டு விசில் ஊதுகிறான் என்றேன். உயிரோடு இருப்பவனை நினைத்து ஏன் இரண்டு குளிர்காலம் துக்கம் தைத்தாய் என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். விளக்கிச் சொல்ல என்னிடம் அவர் மொழி போதவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது.

அருங்காட்சியகத்தின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றால் நூல்தான் தெரியும், தொடவும் விடமாட்டார்கள். ஆனால் வேலை முடிந்து ரீனாவோடு பஸ்ஸில் திரும்பும்போது, தெருவின் எதிர்ப்பக்கம் சிக்னலில் வண்டி நின்றால், கண்ணாடிக்கு அப்பால், சுவரில், அவன் துல்லியமாகத் தெரிகிறான். இந்த நாட்டு மொழியில் அம்மாவின் உடன்பிறந்தவனுக்கென்றே ஒரு சொல் உண்டு. ரீனா ஜன்னலில் உள்ளங்கையை வைத்து, "மோர்ப்ரோ!" என்று கூவுகிறாள். உடனே எனக்காக, "மாமா" என்கிறாள். பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது வெறும் நிறம். விளக்கு மாறுகிறது, பஸ் வீட்டுப் பக்கம் திரும்புகிறது. நான் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறேன்.